பக்கத்து மேசைக்குப் போட்ட மதிப்பெண்

நிங்து
ஜூன் 20

ஆசிரியர் தெங் ஷோமிங் அவர்களுக்கு,

நீங்கள் நலம் என்று உங்கள் தங்கை எழுதியிருந்தாள். அதனால் அதைக் கேட்டுக் காகிதத்தை வீணாக்கவில்லை. எனக்கும் குறை ஒன்றும் இல்லை. இங்கே விடாத மழை. வகுப்பிலிருந்து ஆசிரியர் அறைக்குப் போய் வர எங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே குடை. அதற்காக நடக்கும் சண்டையைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி நுழைவுத் தேர்வின் கட்டுரைத் தாள்களைத் திருத்த இந்த வருஷமும் எனக்கு நான்சாங்கிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கும். நீங்கள் இல்லாமல் அவர்கள் எந்த வருஷம் திருத்தினார்கள்? நாம் இருவரும் ஒரே ஊரில் இருக்கப்போவது அப்போதுதான். அதை விட்டால் நம் காரியத்துக்கு வேறு நாள் வாய்க்காது. விவாகரத்துக்கு வேலை பார்க்கும் பள்ளி தர வேண்டிய அறிமுகக் கடிதத்தை எங்கள் தலைமை ஆசிரியர் நேற்றுக் கொடுத்துவிட்டார். முத்திரை குத்தும்போது ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். ஜூலை முப்பத்தொன்று வரை செல்லும். நீங்களும் உங்கள் பள்ளியில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தால், திருத்தி முடித்த மறுநாள் காலை ஏழு மணிப் பேருந்தில் இங்கே வந்து பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் பிரித்துக்கொள்ள என்ன இருக்கிறது? தையல் இயந்திரம் எனக்கு. அகராதிகள் உங்களுக்கு.

எட்டு வருஷமாக நீங்கள் ஜியுஜியாங்கில், நான் இந்த மலையடிவாரத்தில். புத்தாண்டு விடுமுறைக்கு மட்டும் புருஷன் பெண்டாட்டி. உங்கள் ஊரில் எனக்கு வேலை பார்த்துக் கொடுத்தீர்கள், நான் மறுத்தேன். மறுபடி பார்த்துக் கொடுத்தீர்கள், மறுபடி மறுத்தேன். என் வகுப்புப் பிள்ளைகளை நடுவில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை என்றேன். உங்களையே வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் இங்கே வரலாமா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்டதில்லை. போகட்டும்.

ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் நான் எழுதிய கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி, கீழே “42. முடிவு வலுவாக இல்லை” என்று எழுதி எனக்கே திருப்பி அனுப்பினீர்கள். விளையாட்டு என்றீர்கள். அறுபதுக்கு நாற்பத்திரண்டு யார் போடுவார்கள் என்று நம் இருவருக்கும் தெரியும். படிக்காமலே போடுகிறவர்கள், அடுத்த ஆளின் மதிப்பெண்ணோடு மோதிவிடுமோ என்று பயந்து நடுவில் ஒளிந்துகொள்கிறவர்கள். எந்தப் பிள்ளைக்கும் ஒருநாளும் அந்த எண்ணைப் போடாத மனிதர் எனக்குப் போட்டார்.

கோபத்தில் எழுதவில்லை. உங்களைப் போல நேர்மையாகத் திருத்துகிறவரை நான் பார்த்ததில்லை, இதை யாரிடமும் சொல்வேன். திருத்தும் கூடத்தில் மட்டும் நாம் தெரிந்தவர்களாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நியெ யுன்சின்


ஜியுஜியாங்
ஜூன் 27

யுன்சின்,

நான் எப்போது “ஆசிரியர் அவர்கள்” ஆனேன்? கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் மைப்புட்டியைக் காலி செய்தபோது “டேய்” என்றுதானே கூப்பிட்டாய். நீ எப்படி வேண்டுமானாலும் எழுது. எனக்கு “நீ” என்றுதான் வரும், இந்த வயதில் மாற்றிக்கொள்ள முடியாது.

நீ சொன்ன கடிதத்தை நானும் வாங்கிவிட்டேன். உன் தலைமை ஆசிரியர் பெருமூச்சோடு விட்டார், கொடுத்துவைத்தவள் நீ. என் தலைமை ஆசிரியர் கதவைச் சாத்தித் தேநீர் ஊற்றினார்.

“ஏம்ப்பா தெங், சண்டையா?”

“இல்லைங்க.”

“வேற யாராச்சும்?”

“ஐயையோ, இல்லைங்க. தூரம்தான்.”

“தூரத்துக்கெல்லாம் விவாகரத்துன்னா இந்த ஸ்டாஃப் ரூம்ல பாதிப் பேரு ஒண்டிக்கட்டையாத்தான் கெடக்கணும். போய் யோசிச்சுட்டு வா.”

யோசித்துவிட்டு மறுநாளும் போனேன். மறுபடி தேநீர். முத்திரை அதற்குப் பிறகுதான் விழுந்தது.

ஏழு மணிப் பேருந்துக்குச் சரி. கூடத்தில் தெரியாதவன் போல இருக்கவும் சரி. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய்ப்பு வராது. போன வருஷம் நிஜத் திருத்தம் தொடங்குவதற்கு முன்னால் எல்லாரும் ஒரே தாள்களைத் திருத்திக் கை ஒத்துப்போகிறதா என்று பார்த்தோமே, நினைவிருக்கிறதா? ஒரு கட்டுரைக்குக் கூடம் முழுக்க முப்பதுக்குப் பக்கத்தில் போட்டிருந்தது. நீ எழுந்து நின்றாய். வாதம் ஒன்றும் செய்யவில்லை. நடுவிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாய். திருத்தும் குழுவின் தலைவர் சியொங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாரும் அவரவர் சீட்டில் எண்ணை மாற்றினோம். அந்த வாக்கியத்தை நானும் படித்துத் தாண்டிப் போனவன்தான். எனக்குப் பிழை முதலில் கண்ணில் படும். உனக்கு எழுதிய பிள்ளை முதலில் தெரிந்துவிடுகிறது. அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த நாற்பத்திரண்டைப் பற்றி: மையால் போட்ட மதிப்பெண்ணை அழிக்கக் கூடாது என்பது விதி. அழித்தால் தலைவரின் கையொப்பம் வேண்டும். நமக்குத் தலைவர் யாரும் இல்லையே.

கொசுவர்த்தி எடுத்து வா. விடுதியில் போன வருஷம் தரவில்லை.

ஷோமிங்


நான்சாங், பெண்கள் விடுதி
ஜூலை 15

ஆசிரியர் தெங் அவர்களுக்கு,

விடுதிக் காப்பாளர் அம்மாளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கு யாரோடு யார் ஜோடி என்று குலுக்கி எடுத்த சீட்டில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் திருத்திய தாள் நேராக உங்களிடம் வரும், நீங்கள் திருத்தியது என்னிடம் வரும். தாளில் மதிப்பெண் இருக்காது, அதை எழுதிய சீட்டு தகரப் பெட்டிக்குப் போய்விடும் என்றாலும் அது யார் கையிலிருந்து வந்தது என்று இருவருக்கும் தெரியும். ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் தலைவர் இருவரையும் முன்னால் கூப்பிட்டு எல்லார் எதிரிலும் காரணம் கேட்பார். அந்தக் காட்சி இப்போது நமக்கு வேண்டாம்.

மாற்றித் தரச் சொல்லித் தலைவரிடம் கேட்டேன். “சொந்தப் பிள்ள பரீட்ச எழுதுனாத்தாம்மா விலக்கு. புருஷன் பக்கத்துல உக்காந்தா என்ன, கடிச்சா வெச்சிருவாரு?” என்று சிரித்தார். நம் விஷயம் அவருக்குத் தெரியாது. நீங்கள் ஆண்பிள்ளை, நீங்கள் கேட்டால் மாற்றுவார்.

யுன்சின்

(அதே தாளின் பின்பக்கம்)

கேட்கவில்லை. சீட்டு எடுத்தால் எடுத்ததுதான் என்பது அவருடைய சட்டம், அதை மீறச் சொல்ல எனக்கு வாய் வராது. கடிக்க மாட்டேன். இன்று பச்சைப்பயறுக் கஞ்சியில் சர்க்கரை இருந்தது, உன் விடுதிக்கும் வந்ததா?

ஷோமிங்


ஜியுஜியாங்
ஜூலை 24

யுன்சின்,

ஏழு மணிப் பேருந்துக்கு வந்து நின்றேன். நீ வரவில்லை. அடுத்த வண்டியும் போயிற்று. கடைசியில் எதிர்த்திசை வண்டியைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது ஒரு வரி எழுது. அறிமுகக் கடிதம் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வியர்வையில் முத்திரை கொஞ்சம் பரவிவிட்டது, ஆனாலும் செல்லும். நீ நாள் சொன்னால் வருகிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இங்கே பார்க்கிறவர்கள் எல்லாரும் இந்த வருஷம் நல்ல கட்டுரை ஏதாவது வந்ததா என்று கேட்கிறார்கள். வெளியே ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோமே. வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த வாளிக் கட்டுரையைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஆள் நீ ஒருத்திதான். அதனால் நீ இருந்த இடத்தில் நடந்ததையே உனக்குச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

தலைப்பு “பழுது பார்த்தல்”. காலையிலிருந்து தைத்த சட்டை, ஒட்டுப்போட்ட குடை, திருந்திய மாணவன், நாட்டையே சீர்செய்யப் புறப்பட்ட இளைஞன் என்று படித்துப் படித்து என் கண் காய்ந்துபோயிருந்தது. அப்போது உன் மேசையிலிருந்து அந்தத் தாள் வந்தது. பெயரும் எண்ணும் வழக்கம்போல மடித்துத் தைத்திருந்தன. ஆணா பெண்ணா, மலையா நகரமா, ஒன்றும் தெரியாது. வீட்டு வாளியில் ஓட்டை விழுகிறது. அடைத்துக்கொண்டு வரச் சொல்கிறாள் அம்மா. அப்பா அடைக்கவில்லை. மண்ணை நிரப்பி வெங்காயம் நட்டுவிடுகிறார். அம்மா அவரோடு பேச்சை நிறுத்திவிடுகிறாள். குளிர்காலம் வருகிறது, சந்தையில் எல்லாம் விலை ஏறுகிறது. ஒருநாள் அம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் வெங்காயத்தாளை நறுக்கி அப்பாவின் நூடுல்ஸ் கிண்ணத்தில் போடுகிறாள். கடைசி வரி உனக்கும் மனப்பாடம் ஆகியிருக்கும்: “தண்ணீர் நிற்காத வாளி என்பதால் வேர் அழுகவில்லை.”

என் கை முப்பத்தாறு எழுதப் போயிற்று. பழுது பார்ப்பதைப் பற்றி எழுதச் சொன்னால் இந்தப் பிள்ளை பழுதே பார்க்கவில்லை. எண்ணூறு எழுத்துக்குக் கொஞ்சம் குறைவு வேறு. அப்போது பக்கத்தில் பார்த்தேன். நீ கூடத்தைக் குளிர்விக்க வைத்திருந்த ஐஸ் பாளத்தில் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தாய். இவள் இதைப் படித்திருக்கிறாள், இந்தக் கடைசி வரியில் நின்றிருப்பாள், ஐம்பத்தைந்துக்குக் கீழே இறங்கியிருக்க மாட்டாள் என்று தோன்றிற்று. இன்னும் நாலு நாளில் பதிவு அலுவலகம். அதற்கு முன்னால் ஊர் பார்க்க உன்னோடு மோத வேண்டுமா? உன்னைப் போல நினைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். ஐம்பத்து நான்கு போட்டேன்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

“முப்பத்தேழு. ஐம்பத்து நாலு. பதினேழு வித்தியாசம்!” என்று தலைவர் சியொங் கத்தியதில் மின்விசிறிச் சத்தமே அடங்கிவிட்டது. “ரெண்டு பேரும் வாங்க முன்னால. தெங் ஐயா, முப்பத்தேழுக்குக் காரணம் சொல்லுங்க.”

“நான் ஐம்பத்து நாலுங்க” என்றேன்.

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்போ முப்பத்தேழு போட்டது நீயாம்மா?”

நீ தலை குனிந்துகொண்டு சொன்னாய்: “தலைப்ப விட்டு வெலகிருச்சுங்க. எழுத்தும் கம்மி.”

“தெங் ஐயா என்ன சொல்றீங்க?”

“அந்தம்மா கத்தரிக்கோல எடுத்துட்டுப் போறாங்க பாருங்க, அதுதாங்க பழுது பாக்கறது. வாளியப் பாத்தா தெரியாது.”

கூடத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் சிரித்தார்கள். “ரெண்டு பேரும் தலைய மாத்திப் போட்டுக்கிட்டு வந்துட்டீங்களா?” என்று அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“வெளையாட்டில்ல. ஒரு பிள்ள மூணு வருஷம் தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு வந்து உக்காந்து இத எழுதிருக்கு. நீங்க அதுக்கு மார்க் போடல. பக்கத்து மேசைக்குப் போட்டிருக்கீங்க. ரெண்டு பேரும் கெட்டிக்காரங்க, அதான் எனக்கு வயிறு எரியுது.”

நம் காரியம் எதுவும் தெரியாமலே அந்த மனிதர் நம்மைப் படித்துவிட்டார். அந்தத் தாளை அவரே எடுத்துப் போய் இன்னும் இரண்டு மூத்தவர்களிடம் கொடுத்துத் தனித்தனியாகப் படிக்கச் சொன்னதைப் பார்த்தாய். கடைசி மதிப்பெண்ணை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆனால் அவர் பேனா ஐந்து என்ற எண்ணில் ஆரம்பித்ததை நான் பார்த்துவிட்டேன். யாரோ ஒரு பிள்ளை, எந்தக் கல்லூரிக்கோ போகும். யார் தன்னை இவ்வளவு மெனக்கெட்டுப் படித்தார்கள் என்று அதற்குத் தெரியவே தெரியாது. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு காலைக் கட்டு முழுவதையும் மறுபடி திருத்தச் சொன்னாரே, அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். இந்தத் தடவை உன்னைப் பார்க்கக் கூடாது என்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். என் மதிப்பெண்ணையே போட்டேன். மாலையில் சீட்டுகளை ஒப்பிட்டபோது ஒரு தாளில்கூட நமக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. தலைவர் ஆளுக்கு ஒரு தர்பூசணித் துண்டு அதிகமாகக் கொடுத்தார். நீ உன் துண்டின் விதைகளைக் காகிதத்தில் வரிசையாக வைத்தாய். நான் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் யுன்சின், உன்னைப் போலப் படித்துப் பார்த்த பிறகு என்னால் பழைய மாதிரி படிக்க முடியவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் பதிவு அலுவலகத்துக்கு வர எனக்கு மனமில்லை. சொல்லிவிட்டேன். இனி நீ நாள் குறி.

ஷோமிங்


நிங்து
ஆகஸ்டு 2

ஷோமிங்,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் சோம்பேறித்தனமும் இல்லை. முப்பத்தொன்றாம் தேதி தாண்டட்டும் என்று காத்திருந்தேன். என் அறிமுகக் கடிதம் செல்லாமல் போய்விட்டது. கிழித்துப் போட மனம் வரவில்லை, பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் துணி வெளுக்கப் போட்டதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஏழு மணிப் பேருந்துக்கு நான் வந்தேன். உனக்கு முன்னாலேயே வந்துவிட்டேன். தர்பூசணிக் கடைக்குப் பின்னால் நின்றேன். நீ ஜன்னல் ஓர இருக்கையில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்ததைப் பார்த்தேன். எனக்கு மலைப்பாதையில் குமட்டும் என்று உப்பு போட்ட பிளம் பழப் பொட்டலத்தைக் கையில் வைத்திருந்ததையும் பார்த்தேன். விவாகரத்துக்குப் போகும் வழியில் பெண்டாட்டி வாந்தி எடுக்கக் கூடாது என்று இருந்த ஆள் இந்த மாகாணத்திலேயே நீ ஒருவனாகத்தான் இருப்பாய். ஓடிவந்து ஏறிவிடலாம் என்றுதான் பையைத் தூக்கினேன். அப்போது நடத்துநர் உன்னை அதட்டினான்.

“ஏறுங்க சார், வண்டி கெளம்புது.”

“இன்னொரு ஆள் வரணும்.”

“வராத ஆளுக்கெல்லாம் வண்டி நிக்குமா?”

“எட்டு வருஷமா நான் நிக்கறேன். நீ ரெண்டு நிமிஷம் நிக்கக் கூடாதா?”

அதற்கு மேல் அந்த வண்டியில் ஏற என் கால் வரவில்லை. அந்தக் காரியத்துக்காக உன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மலை ஏறி இறங்க என்னால் முடியாது. கடைக்காரன் என்னைப் பார்த்து “பழம் வேணுமா, இல்ல அழறதுக்கு நெழல் மட்டும் போதுமா?” என்று கேட்டான். பழம் வாங்கினேன்.

நீ உன் பக்கத்தைச் சொல்லிவிட்டாய், என் பக்கத்தையும் கேள். அந்தக் கட்டுரைக்கு நான் முதலில் மனதில் போட்டது ஐம்பத்தாறு. பிறகு, அடுத்து இது அவரிடம் போகிறது, அவர் ஏற்க மாட்டார், கூட்டத்துக்கு நடுவில் எங்களை நிறுத்துவார்கள் என்று பயந்து உன் நாற்காலியில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். ஷோமிங், அங்கிருந்து பார்த்தால் எல்லாம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! வெயிலில் வியர்த்து, தலைப்பை மீறாமல், எழுத்து எண்ணிக்கை குறையாமல் ஒழுங்காக எழுதிய அத்தனை பிள்ளைகளும் பின்னால் வரிசையில் நிற்பது தெரிகிறது. ஒரு அழகான வரிக்காக அவர்களுக்கு அநியாயம் செய்துவிடக் கூடாதே என்று நீ பயப்படுகிறாய். நான் அதை இத்தனை காலம் கல்நெஞ்சு என்று நினைத்திருந்தேன். முப்பத்தேழு எழுதுவதற்குள் பேனாவை மூன்று தடவை மூடித் திறந்தேன். நீ வருஷா வருஷம் இந்தப் பயத்தோடுதான் திருத்துகிறாய், வெளியே ஒருவருக்கும் காட்டுவதில்லை. உன்மேல் எனக்கு இவ்வளவு மரியாதை இதுவரை வந்ததில்லை.

தலைவர் சொன்னது சரிதான். நாம் பக்கத்து மேசைக்கு மார்க் போட்டோம், அந்தப் பிள்ளைக்குத் துரோகம் செய்ய இருந்தோம். அது மறுபடி நடக்கக் கூடாது. ஆனால் பக்கத்து மேசையை நான் எட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் படித்தது அன்றைக்குத்தான்.

ஜியுஜியாங்குக்கு நான் வர மாட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை. புது வகுப்பில் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், இரண்டு பெண்கள் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறார்கள். நேற்றுத் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனேன். இன்னொரு முத்திரை கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து மனிதர் மையைத் திறந்துவிட்டார்.

“முத்திரை வேணாங்க. மேல் வகுப்புக்கு மொழிப்பாடத்துக்கு ஆள் வேணுமா?”

“யாரும்மா?”

“பிழை முதல்ல கண்ணுல படற ஒருத்தர்.”

“அய்யோ, அப்படி ஒருத்தர்தாம்மா வேணும். இங்க நீயும் நானும் எல்லாத்துக்கும் தாராளமா போட்டுப் போட்டுப் பசங்க கெட்டுப் போயிட்டாங்க. ஆனா பெரிய பள்ளிக்கூடத்த விட்டுட்டு யாரு இங்க வருவா?”

எனக்கும் அது தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அங்கே உன் பெயர் பெரியது, இங்கே மழைக்கு ஒரே குடை. வர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. ஆனால் யாராவது ஒருவர் கேட்க வேண்டுமே. கேட்கிறேன். வருகிறாயா?

வராவிட்டாலும் எழுது. பழைய மாதிரி ஆகிவிட வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. அந்த வாளியை யாரும் அடைக்கவில்லையே.

இந்தக் கடிதத்துக்கும் முடிவு வலுவாக இல்லை என்று நீ சிவப்பு மையில் எழுதுவாய். எழுது, உன் மதிப்பெண்ணையே போடு, என் முகத்தைப் பார்த்துப் போடாதே. ஆனால் இந்தத் தடவை தபாலில் அனுப்பாதே. நேரில் கொண்டுவந்து கொடு.

யுன்சின்